உண்மைப் பெயர் யாரைக் காக்கும்? 1881 புதுச்சேரியிலிருந்து ஒரு பதில்

"எல்லாரும் அவங்கவங்க சொந்தப் பேர்லதான் எழுதணும்னு ஒரு சட்டம் வந்தா, இந்தச் சாதி வசவெல்லாம் நின்னுடும் இல்லையா அக்கா?" பயிற்சி வகுப்புகளில் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். போலிக் கணக்குகளிடம் வசவு வாங்கி நொந்துபோனவர்கள். ஆதார் எண்ணை இணைத்துவிட்டால், முகத்தைக் காட்டச் சொன்னால், எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள் என்ற நம்பிக்கை அவர்களிடம் இருக்கிறது. அமைச்சர்களும் காவல்துறை அதிகாரிகளும் பேசுவதும் ஏறக்குறைய இதைத்தான்.

என் பதில், நிற்காது என்பதுதான். இதற்கு இணையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசாங்கமே முன்னின்று மனிதர்களுக்குப் புதுப் பெயர் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி, அரசிதழில் அச்சிட்டு, "இனி இவர்தான் இந்தப் பெயர்" என்று அறிவித்த ஊர் நம் புதுச்சேரி. அந்தக் கதையைப் பார்த்தால் பெயருக்கும் மரியாதைக்கும் என்ன உறவு என்பது கொஞ்சம் விளங்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "உண்மைப் பெயர் நாகரிகத்தை வளர்க்கும்" என்ற வாதம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. பெயர் வெளியே தெரிந்தால் பேசுகிறவனுக்கு வெட்கம் வரும் என்பதே அது. எதற்கு வெட்கம் வரும்? தன்னைச் சுற்றி இருப்பவர்கள் தவறு என்று நினைக்கும் காரியத்துக்கு வரும். ஊரே சரி என்று நினைக்கும் காரியத்துக்கு எப்படி வரும்? சாதிப் பேச்சு நம் ஊர்களில் ஒளிந்து செய்யும் குற்றமாக இருந்ததில்லை. தேநீர்க் கடையில், கோயில் வாசலில், வயல் வரப்பில் ஒரு பெரியவரை "டேய்" என்று அழைத்த பண்ணையார் முகமூடி போட்டுக்கொண்டா அழைத்தார்? அவர் பெயர், அவர் அப்பா பெயர், எத்தனை ஏக்கர் என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். அது தெரிந்திருந்ததுதான் அவருக்குத் தைரியம்.

மறுபக்கம், நம்மிடம் பெயர் கேட்கப்படும் விதத்தை நினைத்துப் பாருங்கள். "தம்பி பேரென்ன?" என்பதில் தொடங்கும். "அப்பா பேரு?" "எந்த ஊரு?" "ஊருக்குள்ளயா, காலனியா?" நான்காவது கேள்வியில் விஷயம் முடிந்துவிடும். இந்தச் சமூகத்தில் பெயர் என்பது ஒரு விசாரணையின் முதல் கேள்வி. எல்லாரும் உண்மைப் பெயரில் வாருங்கள் என்னும்போது, அந்த விசாரணைக்கு எல்லாரும் சமமாக ஆஜராகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சாராருக்கு அது அறிமுகம். இன்னொரு சாராருக்குக் குறுக்கு விசாரணை.

இனி புதுச்சேரிக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கே பெயர் மாற்றம் பெரிய அளவில் நடந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் புதுப் பெயர் வந்தது. வேளாளக் கிறிஸ்தவருக்கும் பறையர் கிறிஸ்தவருக்கும் ஒரே புனிதர்களின் பெயர்கள்தாம். ஆனால் அவர்கள் கும்பிட்ட கோயிலுக்குள் இரு தரப்பையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் அந்தச் சுவரைப் பற்றி எழுந்த தகராறையும், அது இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறிஸ்தவர்கள் பாதிரியாரிடம் போய் எதிர்ப்புத் தெரிவித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கவனியுங்கள்: எதிர்த்தவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் ஒளியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பேசியவர்கள்தாம். ஆனால் வியாபாரத்துக்கும் நிர்வாகத்துக்கும் சாதி இந்துக்களைப் பகைத்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. இந்தியர்களின் வழக்குகளை அவரவர் சாதியின் சட்டப்படியும் மாமூல்படியும் தீர்ப்போம் என்று 1819 ஜனவரி 6ஆம் தேதி ஒழுங்குமுறையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதாவது சாதி இங்கே வெறும் பழக்கமாக இல்லை, நீதிமன்றமே காப்பாற்றும் உரிமையாக இருந்தது. இதைத்தான் "தனிநபர் சட்டம்" என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் அணியும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்தார். இந்தியர் என்றால் வெறுங்காலோடு வர வேண்டும் என்பது அங்கிருந்த வழக்கம். அவருக்குத் தண்டனை விதித்தார்கள். அவர் விடவில்லை, பாரிஸில் உள்ள உச்ச நீதிமன்றம்வரை போய்த் தனக்குச் சாதகமான தீர்ப்பு வாங்கினார். ஒரு வேளாளருக்கு, படித்த வழக்கறிஞருக்கே செருப்புக்காக ஆறாயிரம் மைல் தாண்டி வழக்காட வேண்டியிருந்தது என்றால், சேரியில் இருந்தவர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்த கதையை எந்த நீதிமன்றத்திடம் சொல்வது?

1881 செப்டம்பர் 21 அன்று பாரிஸிலிருந்து ஓர் ஆணை வந்தது. பிரெஞ்சு இந்தியாவில் பிறந்த 21 வயது நிறைந்த ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியானாலும் எந்த மதமானாலும், தன் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். ஒரு முறை துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. துறக்கும்போது தானும் தன் சந்ததியும் தாங்கப்போகும் குடும்பப் பெயர் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படித் துறந்தவர்களைத்தான் "ரெனோன்சான்" என்கிறோம். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் "லாபோர்த்". பிரெஞ்சில் கதவு என்று பொருள். கதவைத் திறந்தவர் என்று இன்றும் அவரைப் புகழ்கிறார்கள். தவறில்லை. ஆனால் அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்களில் பெருந்தொகையினர் தலித்துகளும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த கிறிஸ்தவர்களும். ஊர் நினைவில் கதவுக்குப் பெயர் இருக்கிறது, நுழைந்தவர்களுக்கு இல்லை. இது என் பழைய மனக்குறை, இங்கே போதும்.

அவர்கள் ஏன் நுழைந்தார்கள்? பிரெஞ்சு மோகம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. சாதியின் மாமூலைச் சட்டமாக்கிய ஓர் அரசின் கீழ், அந்த மாமூலிலிருந்து எழுத்துபூர்வமாக வெளியேற ஒரே ஒரு வழி கிடைத்தது. திருமணம், வாரிசுரிமை, சொத்து எல்லாம் ஐரோப்பியருக்கு உள்ள அதே சட்டப் புத்தகத்தின்படி. கூடவே ஒரு புதுப் பெயர். தாத்தா பெயரைக் கேட்டவுடன் எந்தச் சேரி என்று கண்டுபிடிக்கும் ஊரில், அப்படிக் கண்டுபிடிக்க முடியாத ஒரு பெயர்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருந்தது. துறப்புகளை அரசிதழில் வெளியிட்டார்கள். இன்னார் துறந்தார், இன்ன பெயர் எடுத்தார் என்று பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே வரியில் அச்சேறின. நிர்வாகத்துக்கு இது தேவைதான். கடன் கொடுத்தவர் ஏமாறக் கூடாது, வாரிசு யார் என்று தெரிய வேண்டும். ஆனால் விளைவு என்ன? யாருக்கு அந்தப் பெயர் மறைப்பாகப் பயன்பட்டிருக்குமோ, அவர்களுடைய மறைப்பு முதல் நாளே கிழிந்தது. ஒருவர் லாபோர்த் ஆனாலும் வேறு எதுவானாலும், "அது நம்ம இன்னாரு மவன்தானே" என்று சொல்ல ஊருக்கு ஒரு நொடி போதும். பிற்காலத்தில் "ரெனோன்சான்" என்ற சொல்லே ஒரு சாதிப் பெயரைப் போலப் புழங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதி இந்துக்களின் எதிர்வினை மொட்டைக் கடிதமாக வரவில்லை. கட்சியாக வந்தது. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் தனிநபர் சட்டத்தைக் காக்கும் அணி திரண்டு, தேர்தல்களில் வென்று, பல ஆண்டுகள் பிரெஞ்சு இந்திய அரசியலைத் தன் கையில் வைத்திருந்தது. துறந்தவர்கள், நாங்களும் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள், ஆகவே ஐரோப்பியரின் வாக்காளர் பட்டியலில் எங்களைச் சேருங்கள் என்று கேட்டார்கள். 1884இல் அரசு கண்டுபிடித்த தீர்வு மூன்று பட்டியல்: ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, துறக்காத இந்தியர் ஒன்று. சட்டம் ஒன்று, பெயர் ஒரே மாதிரி, பட்டியல் மட்டும் வேறு. கோயிலில் இடித்த சுவர் தேர்தல் காகிதத்தில் எழுந்தது. அந்த இரண்டாம் பட்டியலையும் 1899இல் நீக்கிவிட்டார்கள்.

1881 ஆணை வீண் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றத்திலும் பத்திரப் பதிவிலும் பள்ளியிலும் அது பல குடும்பங்களுக்குத் தலைமுறை கடந்த பலனைக் கொடுத்தது. 1954இல் பிரெஞ்சுக்காரர் வெளியேறி, 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையோடு நின்றவர்களில் இந்தக் குடும்பங்கள் பல. நான் சொல்வது வேறு. பெயரும் பதிவும் தாங்கியவருக்கு உரிமை கொடுத்தன. எதிரில் நின்றவரின் நாக்கைத் திருத்தவில்லை. உரிமை கிடைத்தது சட்டப் புத்தகத்தால். பெயர் அதற்கான நுழைவுச் சீட்டு மட்டுமே.

இதே ஊரில் இன்னொரு வகைப் பெயர் மாற்றமும் நடந்தது, அதையும் மறக்கக் கூடாது. பிரிட்டிஷ் கைதுக்குத் தப்பி 1908இல் இங்கே வந்த பாரதி, ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று பல பெயர்களில் எழுதியவர். அவரைப் பின்பற்றிய கனகசுப்புரத்தினம் பிரெஞ்சு அரசின் பள்ளி ஆசிரியர். கிறுக்கன், கிண்டல்காரன் என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு எழுதிய அவர்தான் கடைசியில் பாரதிதாசன் என்று நிலைத்தார். புனைபெயரில் எழுதியதால் இவர்கள் பொறுப்பற்றவர்கள் ஆகிவிட்டார்களா? அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் அதிகாரத்தை எதிர்த்து எழுத வேண்டுமானால் ஒரு திரை வேண்டியிருந்தது. இன்று தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்துகொண்டு அங்கே நடக்கும் சாதிப் பாகுபாட்டைப் பற்றி எழுதும் தோழருக்கும் அதே திரை வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் சாதி மறுத்துக் காதலிக்கும் பெண்ணுக்கும் வேண்டும். உண்மைப் பெயர்க் கட்டாயம் வந்தால் முதலில் வாயடைத்துப் போகிறவர்கள் இவர்கள்தாம்.

எல்லையைத் தாண்டி சென்னை மாகாணத்தில் நம் முன்னோடிகள் பெயரை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். ஒரே உத்தி இல்லை. காத்தவராயன் என்று பிறந்தவர் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். இரட்டைமலை சீனிவாசன் நேர் எதிராகப் போனார். எந்தச் சொல்லை வசவாக வீசினார்களோ அதையே 1893இல் தன் பத்திரிகையின் தலைப்பாக "பறையன்" என்று அச்சிட்டார். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் போராடி, 1922இல் அரசு ஆவணங்களில் "ஆதி திராவிடர்" என்ற பெயரைக் கொண்டுவந்தார். மூன்றும் மூன்று வழி. மூன்றுக்கும் பொதுவானது, என்ன பெயரில் அழைக்கப்படுவது என்பதை நாமே தீர்மானிப்போம் என்ற உறுதி. அரசோ நிறுவனமோ "உன் உண்மைப் பெயர் இது" என்று சொல்வதற்கு இது எதிர்த் திசை.

இவற்றைவிட முக்கியமானது 1891 டிசம்பரில் நீலகிரியில் நடந்தது. அயோத்திதாசரின் திராவிட மகாஜன சபை கூடிப் பத்துத் தீர்மானங்கள் போட்டது. கல்வி, வேலை, கிணறு, நீதிமன்றம் என்று பல கோரிக்கைகள். அவற்றில் ஒன்று, பறையர் என்று சொல்லி இழிவு செய்கிறவர்களைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டம் வேண்டும் என்பது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ஆச்சரியம்தான். திட்டுகிறவன் யாரென்று தெரியவில்லை என்பது அவர்களுடைய புகார் இல்லை. யாரென்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான் புகார். அந்தக் கோரிக்கைக்குச் சரியான பதில் வர 98 ஆண்டுகள் ஆயின: 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்.

சுயமரியாதை இயக்கம் இதே பிரச்சினையை மேல்சாதிப் பக்கத்திலிருந்து தொட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானம் போட்டார்கள். இன்று நம் பெயர்களில் பின்னொட்டு இல்லாமல் வெறும் தலைப்பெழுத்து மட்டும் இருப்பதற்கு அந்த மரபு பெரிய காரணம். வட இந்தியாவில் ஒருவரின் "முழுப் பெயர்" கேட்டாலே சாதி விழுந்துவிடும். இங்கே அது அவ்வளவு எளிதல்ல. சமூக ஊடக நிறுவனங்களின் படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் என்ன போடுவது என்று தமிழர்கள் தடுமாறுவது சிரிப்பாக இருந்தாலும், அது ஓர் இயக்கம் விட்டுப்போன நல்ல தடுமாற்றம். இந்தத் தலைமுறையில் அந்தக் கட்டத்தில் விரும்பிச் சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்க்கிறோம். அரிவாள் படம், சொந்த முகம், அப்பா வைத்த பெயர், அதன் பின்னால் பட்டம். போலிக் கணக்கு எங்கே இருக்கிறது இதில்? 2021 ஆகஸ்டில் பட்டியல் சாதி இயக்குநர்களைத் திரைத்துறையை விட்டே விரட்ட வேண்டும் என்று பேசி வீடியோ போட்ட நடிகை முகத்தை மறைத்தாரா, பெயரை மறைத்தாரா? இரண்டும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார்.

சட்டம் போட்டு உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கிய நாடும் உண்டு. தென்கொரியாவில் 2007இல் பெரிய இணையதளங்களில் எழுதுவோர் தங்கள் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று விதித்தார்கள். ஒரு நடிகையின் தற்கொலைக்குப் பின் அந்த விதியை இன்னும் பல தளங்களுக்கு விரித்தார்கள். தீய பதிவுகள் குறைந்த அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழ்தான் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கே சொன்னது. சேர்த்து வைத்த அடையாளத் தகவல்கள் திருடர்களுக்கு விருந்தாயின: 2011 ஜூலையில் ஒரே தாக்குதலில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. அந்தத் திருட்டை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். கசிந்த பட்டியலில் பெயர், ஊர், அப்பா பெயர். நம் ஊர்க்காரருக்கு அந்த மூன்று போதும்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது, அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். தலித் பெண்கள் எழுதினால் கும்பலாக வந்து விழும் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு முகம் இல்லை. புகார் கொடுக்கப் போனால், "யாருன்னே தெரியலையே மேடம்" என்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. குற்றம் செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும். முகமில்லாத கணக்கின் சாதியை எப்படிச் சொல்வது? இந்த இடத்தில் புனைபெயர் நமக்கு எதிராகவே வேலை செய்கிறது.

ஆனால் இங்கே இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும். நீதிமன்றம் கேட்டால் ஓர் ஆளைக் கண்டுபிடிக்க முடிவது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரன் முதல் முதலாளிவரை எல்லாரும் எந்நேரமும் உன் பெயரைப் பார்க்க முடிவது வேறொன்று. முதலாவதற்கு இன்றைக்கே சட்டம் இருக்கிறது, நிறுவனங்களிடம் விவரம் கேட்டு வாங்கும் அதிகாரம் காவல்துறைக்கு இருக்கிறது. அதைச் செய்யாமல் இரண்டாவதைக் கேட்பது, 1881இன் அரசிதழை மறுபடி அச்சடிப்பதுதான். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் பெரிய சமூக ஊடகங்களில் சரிபார்ப்பை விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. அது அந்த அளவிலேயே நிற்பது நமக்கு நல்லது என்பது என் கருத்து. நீலக் குறி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று 2019 நவம்பரில் தலித், பகுஜன் பயனர்கள் எழுப்பிய கேள்வியும் நினைவில் இருக்கட்டும். அடையாளத்தைச் சரிபார்க்கும் அதிகாரமும் ஒரு சாதியின் கையில் போய்ச் சேரலாம்.

நடைமுறைக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் சிலருக்கு அடுத்த வாரமே தேவைப்படலாம். 2015 திருத்தத்துக்குப் பின், பொதுப்பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது பிரிவு 3(1)(s)இல் வருகிறது. இழிவுபடுத்தும் நோக்கில் வேண்டுமென்றே அவமதிப்பது 3(1)(r). நான்கு சுவர்களுக்குள் யாரும் பார்க்காமல் சொன்னது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. இணையத்தில் போட்டது பொதுப்பார்வைதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. திட்டியவரின் பெயர் தெரியவில்லை என்பது முதல் தகவல் அறிக்கையை மறுக்கக் காரணம் ஆகாது, அடையாளம் தெரியாத நபர் என்று போட்டே பதிவு செய்யலாம். பதியும் முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்பதை 2018இல் சேர்த்த 18A பிரிவு சொல்கிறது. கணக்கு அழிவதற்குள் திரைப்பிடிப்பு எடுங்கள். பதிவின் முழு முகவரி, தேதி, நேரம் படத்தில் தெரிய வேண்டும். அது கணக்கின் முகப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், பின்னால் பெயரை மாற்றிவிடுவார்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று இணைக்க வேண்டும், பழைய 65Bக்குப் பதில் வந்தது இது. பதிவைப் பார்த்த வேறு இருவரின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் புனைபெயரில் எழுதுகிறவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, சாட்சிக் கூண்டில் சொந்தப் பெயரைச் சொன்னால் போதும்.